ஐந்து பேரின் முதல் அடி: 2019இல் ராம்ஸின் ஓட்டம் ஏன் நின்றது

2018 சீசனில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, பந்தை வீசாமல் கையில் ஏந்தி ஓடியே, ஆட்டத்துக்குச் சராசரியாக 139 யார்டு முன்னேறியது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் அது மூன்றாம் இடம். அடுத்த சீசனிலும் பயிற்சியாளர் ஷான் மெக்வேதான், பந்தை வீசும் குவாட்டர்பேக் ஜேரட் காஃப்தான், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் டாட் கர்லிதான். ஆனால் சராசரி 94க்கு இறங்கியது, இடம் 26. கர்லி முந்தைய ஆண்டு 256 முறை பந்தோடு ஓடி 1,251 யார்டு எடுத்திருந்தார். 2019இல் 223 முறை ஓடி 857தான். சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போன அணி 9 வெற்றி, 7 தோல்வி என்று முடித்து, பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றைக் கோட்டை விட்டது.

கேட்டால் எல்லோரும் கர்லியின் முழங்காலைத்தான் சொல்வார்கள். முழங்கால் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சரிவு அங்கே தொடங்கவில்லை. ஓட்டத்தை உண்டாக்கியது லைன், அதாவது எதிராளிகளைத் தடுத்து வழி திறக்கும் முன்வரிசை ஐவர். லைனின் நடுப்பகுதி உடைந்தபோது ஓட்டமும் உடைந்தது.

ஆண்டர்சனைப் பாருங்கள். 2018 டிசம்பரில் கர்லி ஆட முடியாமல் போனபோது சி.ஜே. ஆண்டர்சனை ராம்ஸ் அவசரமாகச் சேர்த்துக்கொண்டது. அந்த சீசனிலேயே வேறு அணிகள் கழற்றிவிட்ட ஆட்டக்காரர். வந்த வேகத்தில் அரிசோனாவுக்கு எதிராக 167 யார்டு, அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக 132, பிளேஆஃபில் டாலஸுக்கு எதிராக 123. அந்த டாலஸ் ஆட்டத்தில் கர்லியும் 115 ஓட, அணியின் மொத்த ஓட்டம் 273 யார்டு. நேற்று வந்தவரும் லீக்கின் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே அளவு ஓடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் நிற்பவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லைனின் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, கார்டுக்கு வெளியே டேக்கிள். இடது டேக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த், இடது கார்டு ராட்ஜர் சாஃபோல்ட், சென்டர் ஜான் சல்லிவன், வலது கார்டு ஆஸ்டின் பிளைத், வலது டேக்கிள் ராப் ஹேவன்ஸ்டைன். 2018இன் 16 லீக் ஆட்டங்களையும் இந்த ஐவரே தொடங்கினார்கள். இந்த லீக்கில் அப்படி அமைவது அரிது. கணுக்கால், முழங்கால், தோள் என்று ஏதோ ஒன்று யாரையாவது உட்கார வைத்துவிடும்.

அவர்களுடைய முதன்மை ஓட்டம் அவுட்சைட் ஸோன். 1990களில் டென்வரில் மைக் ஷனஹனும் லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் செதுக்கிய முறை. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடியது இதை வைத்துத்தான். மெக்வே வாஷிங்டனில் அதே ஷனஹனிடம் வேலை பார்த்தவர். இந்த முறையில் லைன்மேனுக்கு "நீ இன்னாரைத் தடு" என்று ஆளை ஒதுக்குவதில்லை. ஒரு வழியைத்தான் ஒதுக்குகிறார்கள். ஐவரும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் நகர வேண்டும். தன் வழியில் யார் வருகிறாரோ அவர் தன் பொறுப்பு.

ரன்னிங் பேக், டேக்கிளுக்கு அடுத்து விளிம்பில் நிற்கும் டைட் எண்டின் வெளிப்பக்கத்தைக் குறிவைத்து ஓடத் தொடங்குவார். மூன்றாம் அடிக்குள் முடிவெடுக்க வேண்டும். விளிம்பில் நிற்கும் டிஃபெண்டரை, அதாவது எதிரணித் தடுப்பாளரை, உள்ளே அடைத்துவிட்டால் வெளியே போகலாம். அவர் வெளியே தள்ளப்பட்டால் அடுத்த இடைவெளி வழியாக நேராகப் பாயலாம். எதிரணியினர் எல்லோரும் ஓட்டத்தின் திசையிலேயே அடித்துக்கொண்டு ஓடினால் பின்பக்கம், அதாவது ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம், வெட்டித் திரும்பலாம். ஒரு தடவைதான் வெட்டலாம். இரண்டாவது தடவை யோசிப்பதற்குள் பின்னாலிருந்து கை விழும்.

இப்போது ஒரு தனிக் காட்சியை நெருங்கிப் பார்ப்போம். டிஃபென்ஸில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை எண்ணால் சொல்வது வழக்கம். சென்டரின் ஒரு தோளுக்கு நேரே நிற்பவர் 1-டெக்னிக். கார்டின் வெளித்தோளுக்கு நேரே நிற்பவர் 3-டெக்னிக். டேக்கிளின் வெளித்தோளுக்கு நேரே நிற்பவர் 5-டெக்னிக். சாதாரண நான்கு பேர் முன்வரிசையில் ஒரு பக்கம் 3-டெக்னிக் நின்றால் மறுபக்கம் 1-டெக்னிக் நிற்பார். ஓட்டம் இடப்பக்கம், 1-டெக்னிக் சென்டரின் இடது தோளில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்டர் அவரைத் தாண்டி, அவருடைய வலது அக்குளுக்குத் தன் தலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் சென்டரின் ஒரு கை பந்தோடு கால்களுக்கு நடுவே இருக்கிறது. எதிரே நிற்பவரோ 300 பவுண்டுக்கு மேல், ஏற்கெனவே அரை ஆள் முந்தி நிற்கிறார். தனியாகச் செய்தால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதனால் இடது கார்டு உதவுகிறார். அவருக்கு நேரே யாரும் இல்லை. ஸ்னாப் ஆன நொடியில், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த நொடியில், இடது காலை ஆறு அங்குலம் பக்கவாட்டில் வைத்து, வலது கையால் 1-டெக்னிக்கின் வெளித்தோளில் ஓங்கி ஒரு குத்து கொடுக்கிறார். அந்தக் குத்து எதிராளியை அரை விநாடி நிறுத்துகிறது, தோள்களை நேராக்குகிறது. சென்டர் அதற்குள் சுற்றி வந்து இடத்தைப் பிடிக்கிறார். கார்டு விலகி இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரிடம் ஏறுகிறார். குத்தும்போது கார்டின் இடுப்பு 1-டெக்னிக்கிடம் இருக்க வேண்டும். கண்கள் லைன்பேக்கரிடம் இருக்க வேண்டும்.

எல்லாத் தவறும் இந்த விலகலில்தான் நடக்கிறது. கார்டு சீக்கிரம் விலகினால் 1-டெக்னிக் சென்டரின் முகத்தைத் தாண்டி ஓட்டத்தின் பாதைக்குள் நுழைந்துவிடுவார். சென்டருக்குக் கிடைப்பது அவருடைய முதுகு மட்டும். அதைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், 10 யார்டு தண்டனை. கார்டு தாமதமாக விலகினால் லைன்பேக்கர் அவரைக் கடந்து போயிருப்பார். பேக் வெட்டும் இடத்தில் சரியாக நின்றிருப்பார். சரியான கணம் லைன்பேக்கர் எப்போது நகர்கிறார் என்பதைப் பொறுத்தது. அதைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்க முடியாது. சென்டர் "போ" என்று கத்தவும் நேரமில்லை. பந்து பேக்கின் கைக்கு வருவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடிதான் ஆகிறது. பக்கத்து ஆளின் இடுப்பு எவ்வளவு அழுத்துகிறது என்பதை வைத்தே கார்டு முடிவெடுக்கிறார். அந்த உணர்வு ஒரே ஆளோடு நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து செய்தால்தான் வரும்.

பின்பக்க வேலை இதைவிடக் கடினம், பார்ப்பவர்கள் கண்ணில் படாததும் கூட. ஓட்டம் இடப்பக்கம் போகிறது. வலது கார்டின் வெளித்தோளில் 3-டெக்னிக் நிற்கிறார். அவர் உள்ளே வெட்டிவிடாமல் கார்டும் வலது டேக்கிளும் சேர்ந்து துடைத்தாற்போல் அள்ள வேண்டும். முன்பெல்லாம் ஒருவர் மேலே பிடித்திருக்க, பக்கத்தில் இருப்பவர் தொடையில் பாய்ந்து வீழ்த்தும் சாப் பிளாக்குக்குச் சில சூழல்களில் அனுமதி இருந்தது. முழங்கால்கள் நொறுங்குவதால் 2016இல் அதை முழுவதுமாகத் தடை செய்தார்கள். தடை நியாயமானது, ஆட்டக்காரர்களின் கால்கள் ஓட்ட யார்டுகளைவிட மேலானவை. ஆனால் அதற்குப் பிறகு பின்பக்கத்தை மூடுவது முழுக்க முழுக்கக் காலடி வேலையாகிவிட்டது. மேலே பக்கத்து ஆளின் பிடியில் இல்லாதவரை மட்டுமே தனியாகக் கீழே வெட்டலாம். டேக்கிள் ஒரு அடி தாமதித்தாலும் 3-டெக்னிக் பேக்கின் பின்னாலிருந்து வந்து பிடித்துவிடுவார். திரையில் அது "கர்லிக்கு வேகம் போய்விட்டது" என்பதுபோல் தெரியும்.

2018இன் முதல் பாதியில் ராம்ஸ் இந்த வேலைக்கு ஒரு நல்ல துணை வைத்திருந்தது. ஸ்னாப்புக்கு முன், வீசப்படும் பந்தை (பாஸ்) பிடிக்கும் ரிசீவர்களான ராபர்ட் வுட்ஸோ பிராண்டின் குக்ஸோ பக்கவாட்டில் முழு வேகத்தில் ஓடுவார்கள். பந்து அவர்களுக்கும் போகலாம் என்பதால் லைன்பேக்கர் அரை அடி தயங்குவார். கார்டு ஏறிப்போய்ச் சேர அந்த அரை அடி போதும். வைட் ரிசீவர்கள் லைனை ஒட்டியே நின்றதால் வுட்ஸும் கூப்பர் கப்பும் பின்வரிசைக் காவலர்களான சேஃப்டிகளையும் விளிம்பு ஆட்களையும் தடுக்க முடிந்தது. நவம்பரில் கப்பின் முழங்கால் தசைநார் கிழிந்தபோது ராம்ஸ் ஒரு நல்ல பிளாக்கரையும் இழந்தது. அந்த இழப்பைப் பலரும் பாஸ் கணக்கில் மட்டுமே எழுதினார்கள்.

டிசம்பர் 9, 2018. சிகாகோவில் பேர்ஸின் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் விக் ஃபாஞ்சியோ முன்வரிசையில் ஆறு பேரை நிறுத்தினார். பின்னால் ஒரே ஒரு லைன்பேக்கர். ராம்ஸ் 15-6 என்று தோற்றது. கர்லி 11 ஓட்டத்தில் 28 யார்டு. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் அப்போதைய பயிற்சியாளர் பில் பெலிச்சிக் இதைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 3 அன்று அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸும் அதே ஆறு பேர் வரிசையோடு வந்தது. ராம்ஸ் மொத்தம் 18 ஓட்டத்தில் 62 யார்டு, கர்லி 35. ஆட்டம் 13-3.

ஆறு பேர் நின்றால் என்ன ஆகிறது? மேலே சொன்ன கார்டை நினைவில் வைத்துப் பாருங்கள். அவர் சென்டருக்கு உதவ முடிந்ததே அவருக்கு நேரே யாரும் இல்லாததால்தான். ஆறு பேர் வரிசையில் ஐந்து லைன்மேன்களுக்கும் டைட் எண்டுக்கும் ஆளுக்கு ஒருவர் எதிரே நிற்கிறார். உதவிக்கு யாருமே மிச்சமில்லை. எல்லாமே ஒற்றைக்கு ஒற்றை. ஒற்றைக்கு ஒற்றையில் ஆறில் ஐவர் ஜெயித்தாலும் போதாது; தோற்ற ஒருவர் வழியாக ஓட்டம் செத்துவிடும். மேலும், லைன்பேக்கரிடம் ஏறிப்போகவும் ஆள் இல்லை. அவர் சாவகாசமாக நின்று, பேக் எங்கே வெட்டுகிறார் என்று பார்த்துவிட்டு வருகிறார். விளிம்பில் நிற்கும் இருவரும் ஏற்கெனவே அகலமாக நிற்பதால் அவர்களை உள்ளே அடைக்கவே முடியாது. பக்கவாட்டில் ஓடும் ரிசீவரைப் பார்த்து அவர்கள் தயங்கவும் மாட்டார்கள். வெளிவழி அடைபடுகிறது, பேக் உள்ளே திரும்புகிறார், அங்கே அந்த ஒற்றை லைன்பேக்கர் நிற்கிறார்.

இந்த வரிசைக்கும் பலவீனம் உண்டு. நடுவில் ஒரே லைன்பேக்கர் இருப்பதால், அவர் முதுகுக்குப் பின்னால் பாஸ் போடலாம். முன்வரிசையைத் தாண்டிவிட்டால் பேக்கைத் தடுக்க ஆள் குறைவு. ஆனால் பாஸ் போட குவாட்டர்பேக்குக்கு நேரம் வேண்டும், தாண்டுவதற்கு ஒரு பிளாக்காவது ஜெயிக்க வேண்டும். இரண்டுக்கும் லைன்தான் வழி.

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நேரத்தில்தான் ராம்ஸ் தன் லைனின் நடுப்பகுதியைக் கலைத்தது. சாஃபோல்ட் டென்னசிக்குப் போனார்; அந்த ஆண்டு அங்கே டெரிக் ஹென்றி 1,540 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார். சல்லிவனின் ஒப்பந்தத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இடது கார்டாக ஜோ நோட்பூம் வந்தார், சென்டராக பிரையன் ஆலன். இருவரும் 2018இல் எடுக்கப்பட்டவர்கள், முதல் ஆண்டில் அதிகம் ஆடாதவர்கள். நோட்பூம் கல்லூரியில் டேக்கிள். டேக்கிளுக்கும் கார்டுக்கும் இடையே ஒரு ஆள் தூரம்தான் என்று தோன்றும். ஆனால் டேக்கிளுக்கு எதிராளி தள்ளி நிற்கிறார், ஒரு அடி பின்வாங்கி யோசிக்க இடம் உண்டு. கார்டின் இடத்தில் ஸ்னாப் ஆன கணமே மோதல்.

கவனியுங்கள்: சென்டரும் இடது கார்டும். மேலே விவரித்த அந்தக் கூட்டு வேலையின் இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் புதிதாகின. ஒருவர் மட்டும் புதியவராக இருந்தால் மற்றவர் இழுத்துக்கொண்டு போவார். சல்லிவன் உடல் வலுவில் இறங்குமுகத்தில் இருந்தார் என்பது சரி. ஆனால் எதிர் வரிசையைப் படித்து, யார் யாரோடு சேர வேண்டும் என்று ஸ்னாப்புக்கு முன் அறிவிப்பது சென்டரின் பொறுப்பு. அந்த அறிவிப்பில் வந்த தடுமாற்றம் ஐவரையும் பாதித்தது. ஒரு சீசனில் இரண்டையும் மாற்றியதுதான் ராம்ஸ் நிர்வாகம் செய்த பெரிய பிழை என்பது என் முடிவு.

பழகிக்கொள்ளலாமே என்றால், எங்கே பழகுவது? லீக்குக்கும் ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும் இடையே அப்போது நடப்பில் இருந்த 2011 ஒப்பந்தத்தின்படி சீசன் முழுவதும் முழுக் கவசத்தோடு நடத்தக்கூடிய பயிற்சிகள் 14 மட்டுமே. உடல்நலத்துக்கு அது நல்லது. பாஸ் ஆட்டத்தைக் கவசம் இல்லாமலும் பழகலாம். ரன் பிளாக்கிங்கை அப்படிப் பழக முடியாது. 1-டெக்னிக் உண்மையான எடையோடு எதிர்த்துத் தள்ளாவிட்டால், எப்போது விலகுவது என்று கார்டின் கைக்குத் தெரியாது. இளைய லைன் கொண்ட பல அணிகள் செப்டம்பரில் திணறுவதற்கு இதுவே பெரிய காரணம்.

அக்டோபர் 13, 2019 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தில் கர்லி இல்லை. முதல் டிரைவில், அதாவது பந்து கையில் கிடைத்த முதல் தொடர் முயற்சியில், ராம்ஸ் ஏழு முறையும் ஓடியே எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டது. அதன்பின் எதிரணி சரிசெய்துகொண்டது. கோட்டிலிருந்து ஒரு யார்டில் நின்றும் ராம்ஸால் நுழைய முடியவில்லை. 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகள்தான் டவுன்கள்; மூன்றாம், நான்காம் டவுன்களில் 13 முயற்சி, ஒன்றும் தேறவில்லை, 20-7 தோல்வி. ஒரு யார்டு என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் அங்கே டிஃபெண்டர்கள் பின்னால் காக்க வேண்டிய பரப்பே இல்லை. கைகளைத் தரையில் ஊன்றி, இடைவெளிகளுக்குள் தாழப் பாய்வார்கள். லைன்மேனின் தோள் எதிராளியின் தோளைவிட இரண்டு அங்குலம் மேலே இருந்தால் போதும், அவர் பின்னால் நகர்ந்து பேக்கின் மேலேயே விழுவார். பக்கவாட்டு அடிகளில் பழகிய லைனுக்கு நேராக முன்னேறித் தள்ளுவது வேறு வேலை.

அந்த ஆட்டத்தில் நோட்பூமின் முழங்கால் தசைநார் கிழிந்தது, சீசன் முடிந்தது. நவம்பர் 10 அன்று பிட்ஸ்பர்க்கில் ஆலனும் ஹேவன்ஸ்டைனும் ஒரே ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டார்கள். பிளைத் சென்டருக்கு நகர்ந்தார். கிளீவ்லண்டிலிருந்து அக்டோபரில் வாங்கிய ஆஸ்டின் கார்பெட் இடது கார்டு. அந்த ஆண்டுதான் எடுக்கப்பட்ட டேவிட் எட்வர்ட்ஸ் வலது கார்டு, பாபி எவன்ஸ் வலது டேக்கிள். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த அதே இடத்தில் மிஞ்சியவர் 37 வயது விட்வொர்த் ஒருவர்தான்.

ஓட்டம் நின்றால் பாஸும் நிற்கும் என்பதை காஃபின் கணக்கு சொல்கிறது: 2018இல் 32 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்), 2019இல் 22, 16. மெக்வேயின் பாஸ்களில் பெரும்பகுதி அவுட்சைட் ஸோன் போலவே தொடங்கும். லைன் பக்கவாட்டில் ஓட, லைன்பேக்கர்கள் அதை நம்பி முன்னே வர, காஃப் எதிர்ப்பக்கம் திரும்பிப் பந்தை வீசுவார். முதல் டவுனில் இரண்டு யார்டு பின்வாங்கினால் அடுத்தது இரண்டாம் டவுனில் 12. அங்கே ஓட்டத்தை யாரும் நம்பமாட்டார்கள். சராசரியைவிட இந்தப் பின்வாங்கும் ஓட்டங்கள்தான் அணியைக் கொல்லும். நான்கு யார்டு சராசரியை ஒரு 40 யார்டு ஓட்டம் அலங்கரித்துக் காட்டிவிடும். லைனை அளக்க விரும்புபவர் பேக்கின் மேல் முதல் கை படும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

ஆறு பேர் வரிசைக்கு மருந்து தெரியாததல்ல. எல்லோரும் ஒரே பக்கம் நகர்வதற்குப் பதில் கோணத்தை மாற்ற வேண்டும். லைன்மேன்கள் தங்களுக்கு எதிரே நிற்பவரை விட்டுவிட்டுப் பக்கத்து இடைவெளியில் நிற்பவரை உள்நோக்கி இறக்கி அடைப்பார்கள். பின்பக்க கார்டு லைனுக்குப் பின்னால் சுற்றி ஓடி, விளிம்பில் நிற்பவரை வெளியே இடித்துத் தள்ளுவார். எதிராளியின் வெளித்தோளைச் சுற்ற வேண்டிய தேவையே இல்லை. கோணம் ஏற்கெனவே லைன்மேன் பக்கம். இதிலும் ஆபத்து உண்டு. கார்டு விட்டுச்சென்ற ஓட்டையில் எதிரே நின்றவர் கூடவே பாய்ந்தால், பந்து கைமாறும் இடத்திலேயே பேக் மாட்டிக்கொள்வார். சென்டர் அந்த ஓட்டையைப் பின்னோக்கி அடைக்க வேண்டும். மீண்டும் சென்டரும் கார்டும்தான். இரண்டாவது வழி இன்னொரு டைட் எண்டைச் சேர்ப்பது. 2019இன் பிற்பகுதியில் டைலர் ஹிக்பியையும் ஜெரால்ட் எவரெட்டையும் சேர்த்து நிறுத்துவதை ராம்ஸ் அதிகப்படுத்தியது. ஆள் கூடினால் இடைவெளியும் கூடும், ஆறு பேர் வரிசை நீள வேண்டியிருக்கும்.

2020 மார்ச்சில் கர்லியை விடுவித்தார்கள். மால்கம் பிரவுன், டாரல் ஹெண்டர்சன், புதிதாக எடுத்த கேம் ஏக்கர்ஸ் என்று மூவர் பகிர்ந்து ஓடினார்கள். மூவரில் ஒருவர்கூட அன்று நட்சத்திரம் இல்லை. பிளைத் 16 ஆட்டத்திலும் சென்டர், கார்பெட் 16 ஆட்டத்திலும் வலது கார்டு, ஹேவன்ஸ்டைன் 16 ஆட்டத்திலும் வலது டேக்கிள். இடது கார்டில் தொடக்கத்தில் நோட்பூம், அவர் அடிபட்ட பிறகு எட்வர்ட்ஸ். ஆட்டத்துக்கு 120 யார்டுக்கு மேல் ஓடி லீக்கில் 10ஆம் இடத்துக்கு வந்தது ராம்ஸ். நவம்பரில் விட்வொர்த் முழங்காலில் அடிபட்டு வெளியேறியபோது நோட்பூம் தன் சொந்த இடமான டேக்கிளுக்குப் போனார். நடுவில் இருந்த மூவரை அசைக்கவில்லை. டிசம்பர் 10 அன்று பெலிச்சிக்கின் பேட்ரியட்ஸுக்கு எதிராக ஏக்கர்ஸ் 29 ஓட்டத்தில் 171 யார்டு எடுத்தார். ராம்ஸ் 24-3 என்று வென்றது.